மரத்தடியில் பறவைகள் இறந்து கிடந்தால்: கொழும்பில் முதல் மூன்று நாட்களில் செய்ய வேண்டியவை

சென்ற சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாட்கள் முன்பு, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் வாகை மரத்தடியில் விடியற்காலையில் 11 காகங்கள் இறந்து கிடந்தன. மறுநாள் இன்னும் 19. பொழுது சாயும் நேரத்தில் காகங்களும் மைனாக்களும் நூற்றுக்கணக்கில் வந்து அடையும் மரம் அது. அவை ஏன் இறந்தன என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருந்தது. ஆனால் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உடல்கள் அழுகிவிட்டன; கூடவே போன கடிதத்தில் இறந்த நாள்கூடச் சரியாக எழுதப்பட்டிருக்கவில்லை.

பறவைகள் கூட்டமாக இறக்கும்போது காரணம் தெரியவருமா இல்லையா என்பது பெரும்பாலும் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நான் ஒன்பது நாட்கள் அலைந்து கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீதியிலும் இப்படி நடந்தால், இதைப் படித்துவிட்டு நேரே வேலையில் இறங்குங்கள்.

1. தொடுவதற்கு முன் படம் எடுங்கள்

கண்டவுடன் கூட்டிப் பெருக்கத் தோன்றும். ஒழுங்கை வீதியைக் கூட்டுபவர் ஆறு மணிக்கே வந்துவிடுவார். எங்கள் முதல் 11 உடல்களும் அப்படித்தான் போயின. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவர் வேலை. நீங்கள் முந்திக்கொண்டு, அரை மணி நேரம் பொறுக்கும்படி அன்பாகக் கேளுங்கள்.

முதலில் தூரத்தில் நின்று மரமும் தரையும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம். பிறகு ஒவ்வோர் உடலையும் கிடந்தபடியே எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்தால் அளவு தெரியும். அலகு, கண், கால் விரல்கள், வாலின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே எடுங்கள். விரல்கள் இறுக மடங்கியிருக்கின்றனவா, அலகில் நுரையோ இரத்தமோ உண்டா, வாலடியில் பச்சை நிறக் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் மிருக வைத்தியருக்குப் பேசும் சாட்சிகள்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். அதில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து நீங்கிவிடும். மூலத்தைத் தொலைபேசியிலேயே வைத்திருந்து, மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள்.

2. வெறுங்கை வேண்டாம்

காரணம் தெரியாதவரை, பறவைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று கருதியே நடந்துகொள்ள வேண்டும். 2021 ஜனவரியில் இந்தியாவின் இராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் கூட்டமாக இறந்தபோது எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல்தான் காரணம் என்று உறுதியானது. எச்5என்1 வகை மனிதருக்கும் தொற்றக்கூடியது. இறந்த பறவையைத் தின்னும் பூனைகளையும் கொல்லக்கூடியது.

மருந்துக் கடையில் கிடைக்கும் கையுறையை இரட்டையாக அணியுங்கள். முகக்கவசமும் கண்ணுக்கு ஏதாவது மறைப்பும் வேண்டும். கையுறை இல்லையென்றால் தடித்த பொலித்தீன் பையைக் கைக்கு உறையாக்கி உடலைப் பிடித்து, பையை உள்வெளியாகத் திருப்பி மூடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். செருப்பின் அடியையும் கழுவுங்கள். செருப்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் மரத்தடிக்கு விடாதீர்கள். வீட்டில் கோழியோ புறாவோ வளர்த்தால் அவற்றை அடைத்து வையுங்கள். மரத்தடிக்குப் போன செருப்போடு கூட்டருகே போகாதீர்கள். உடலைத் தொட்டவர் யாராக இருந்தாலும் அடுத்த 10 நாட்களுக்குக் காய்ச்சல், இருமல், கண் சிவத்தல் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வந்தால், இறந்த பறவையைத் தொட்டதை வைத்தியரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

என் அம்மா சனிக்கிழமை தோறும் மொட்டை மாடியில் காகத்துக்குச் சோறு வைப்பவர். அதையும் சில வாரங்களுக்கு நிறுத்தச் சொன்னேன். நோயாக இருந்தால் பறவைகள் ஒரே இடத்தில் நெருங்கித் தின்னும்போது பரவும். மறுத்தவர், காகங்களின் நன்மைக்காகத்தான் என்று விளக்கிய பிறகு ஒத்துக்கொண்டார். உங்கள் வீட்டிலும் பெரியவர்களிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள்.

3. ஒரு தாளில் வரைபடம்

இதை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் உதவியது இதுதான். ஒரு ஏ4 தாளின் நடுவில் மரத்தை வட்டமாக வரையுங்கள். வடக்கு எது என்று குறியுங்கள். மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, வீதி எங்கே, கடைகளின் பின்புறக் குப்பைத் தொட்டி எங்கே என்று வரைந்துகொண்டு, உடல் கிடந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளடி போடுங்கள்.

புள்ளடிகள் எப்படி விழுகின்றன என்பதில் விஷயம் இருக்கிறது. கம்பிக்கு நேர்கீழே ஒரே கோட்டில் கிடந்தால் மின்சாரமோ மோதலோ காரணமாக இருக்கலாம். காலிலோ இறகிலோ கருகல் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய இரவு இடியுடன் மழை பெய்திருந்து, எல்லாம் ஒரே கிளைக்குக் கீழே ஒரே இரவில் விழுந்திருந்தால் மின்னலைச் சந்தேகிக்கலாம். சித்திரையில் கொழும்பில் மாலை இடிமழை வழக்கம்தானே. மரத்தடியில் சிலவும், நூறு அடி தள்ளி மதில் மேலும் கூரையிலும் சிலவுமாகச் சிதறிக் கிடந்தால், உண்ட இடத்திலிருந்து வந்து ஆங்காங்கே விழுந்திருக்கலாம். நஞ்சை எண்ணத் தோன்றும். நாள்தோறும் சிலவாக இறந்து, உயிரோடிருப்பவையும் தலை சாய்த்து, இறகு சிலிர்த்து, பறக்காமல் உட்கார்ந்திருந்தால் நோய்க்கான வாய்ப்பு அதிகம். நீர்ப்பறவைகள் கழுத்தைத் தூக்க முடியாமல் கரையில் கிடந்தால், வெப்பத்தில் தேங்கிய நீரில் உருவாகும் பொட்டுலிசம் என்னும் நச்சுத்தன்மையை வைத்தியர் கவனிப்பார்.

பட்டாசையும் எழுதிவையுங்கள். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் பீபி என்ற சிற்றூரில் 2010 டிசம்பர் 31 இரவு ஆயிரக்கணக்கான கரும்பறவைகள் விழுந்து இறந்தன. அடைந்திருந்த பறவைகள் வெடிச் சத்தத்தில் மிரண்டு, இருட்டில் வீடுகளிலும் மரங்களிலும் மோதியதே காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. எங்கள் ஒழுங்கையிலும் புத்தாண்டுக்கு முன்பே பட்டாசு வெடிக்கத் தொடங்கியிருந்தது. எந்த இரவில், எத்தனை மணிக்கு என்று நான் குறித்துவைக்கவில்லை. பிறகு வைத்தியர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இவற்றை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கண்டதை எழுதுங்கள், காரணத்தை எழுதாதீர்கள். நான் முதல் கடிதத்தில் “விஷம் வைத்துக் கொன்றிருக்கிறார்கள்” என்று எழுதினேன். அதைப் படித்த அலுவலகம், இது பொலிஸ் விவகாரம் என்று திருப்பி அனுப்பியதில் இரண்டு நாட்கள் போயின.

இனத்தையும் சரியாகக் குறியுங்கள். கொழும்பில் இரண்டு வகைக் காகங்கள் உண்டு. கழுத்தில் சாம்பல் நிறம் இருப்பது வீட்டுக் காகம். முழுவதும் கறுப்பாக, அலகு தடித்து இருப்பது அண்டங்காக்கை. வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் குஞ்சுப் பருவம் கடக்காத பறவை. எந்த வகை, எந்த வயது, எத்தனை என்று பிரித்து எழுதுங்கள்.

4. யாரை அழைப்பது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் களைத்துப்போகிறார்கள். காட்டுப் பறவை ஒரு திணைக்களம், கோழி வேறொரு திணைக்களம், மனித சுகாதாரம் மாநகர சபை, வீதியோர மரமும் மாநகர சபை, நஞ்சு வைத்தல் பொலிஸ். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். வரிசை இதுதான்:

முதல் அழைப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. அதன் அவசர இலக்கம் 1992. தலைமையகம் பத்தரமுல்லை ஜயந்திபுரவில் இருக்கிறது. வன விலங்கின் உடலை வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கேள்விக்குரியதாகலாம். ஆகவே, உடலைக் குளிரில் வைக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பேசியவரின் பெயர், பதவி, நேரம் மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இலக்கம் தெரியாவிட்டால் 1919 அரசாங்கத் தகவல் நிலையத்தில் கேட்கலாம். மூன்றாவது, அரசாங்க மிருக வைத்தியர். ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பும் படிவத்தை நிரப்ப வேண்டியவர் அவர். அவருடைய கையெழுத்து இல்லாமல் உடல் வழியிலேயே நின்றுவிடும்.

விடுமுறைகளைக் கணக்கில் எடுங்கள். ஏப்ரலில் 13, 14 ஆகிய புத்தாண்டு விடுமுறைகளோடு போயாவும் பெரிய வெள்ளியும் சேர்ந்தால் அலுவலகங்கள் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். அந்த நாட்களில் 1992 ஒன்றையே நம்புங்கள். மற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி வைத்தால் திகதியாவது பதிவாகும்.

5. உடலைக் குளிரில் வைப்பது

மற்ற எதில் தவறினாலும் இதில் தவறாதீர்கள். கொழும்பின் சித்திரை வெயிலில் உடல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்குகிறது. நான் எடுத்துவைத்த மூன்று காகங்களில் ஒன்றைப் பத்து மணிக்குப் பார்த்தேன். கண் உள்வாங்கிவிட்டிருந்தது. வயிற்று இறகை விலக்கினால் தோல் பச்சையாக இருந்தது. அலகின் ஓரத்தில் அரிசிக் குறுநொய் போல ஈ முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட உடலால் பயன் மிகக் குறைவு. கண் பளபளப்பாக உருண்டிருப்பதும், கால் விறைத்திருப்பதும், இழுத்தால் இறகு உதிராததுமான உடல்களையே தேர்ந்தெடுங்கள்.

ஓர் இனத்துக்கு இரண்டு மூன்று உடல்கள் போதும். அறுத்துப் பார்க்காதீர்கள், கழுவாதீர்கள். ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, இன்னொரு பையில் போடுங்கள். இரு பைகளுக்கும் நடுவில் ஒரு சீட்டு வையுங்கள்: நாள், நேரம், இடம், இனம், உங்கள் பெயர், தொலைபேசி. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். என் சீட்டுகள் மூன்றில் இரண்டு அப்படித்தான் வெறும் நீலக் கறையாகப் போய்ச் சேர்ந்தன.

24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க முடியுமென்றால் குளிரூட்டினால் போதும், உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதைந்து, நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பரிசோதனை கெட்டுவிடும். இரண்டு நாளுக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் உறைய வைத்துவிடுங்கள். அழுகுவதைவிட அது எவ்வளவோ மேல், நச்சுப் பரிசோதனைக்கும் அது ஏற்றதே. உறைந்ததை உருகவிட்டுத் திரும்ப உறைய வைப்பதுதான் எல்லாவற்றிலும் கேடு. மின்வெட்டு வந்தால் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உணவோடு வைக்கவே கூடாது. மீன் கடையில் கேட்டால் பழைய ரெஜிபோம் பெட்டி கிடைக்கும். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் நான்கை உறைய வைத்து, பெட்டிக்குள் உடல்களைச் சுற்றி அடுக்கி, நடுவில் பழைய செய்தித்தாள் திணியுங்கள். வெறும் பனிக்கட்டியைப் போட்டால் உருகி உடல் நீரில் மிதக்கும். போத்தல்களை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

6. ஒரே கடிதம், பல பிரதிகள்

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். முதலில் கண்டது எப்போது, எத்தனை உடல்கள், எந்த இனம், உயிரோடிருப்பவை எப்படி நடந்துகொள்கின்றன, கடந்த ஒரு வாரத்தில் அருகில் நுளம்புப் புகை அடித்தார்களா, எலி மருந்து வைத்தார்களா, இடி, பட்டாசு, மரக்கிளை வெட்டுதல் ஏதாவது நடந்ததா. கடைசியில் கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: “உடல்களைப் பொறுப்பேற்று ஆய்வுக்கு அனுப்பி, முடிவை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே கடிதத்தையே அனுப்பி, யார் யாருக்குப் பிரதி போகிறது என்று கீழே எழுதுங்கள். மற்றவருக்கும் போயிருக்கிறது என்று தெரிந்தால் கடிதம் மேசையில் கிடக்காது. கையில் கொடுப்பதென்றால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலென்றால் பதிவுத் தபால்.

தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. தமிழும் அரச கரும மொழிதான். நான் தமிழிலேயே எழுதினேன், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் மொழிபெயர்ப்பாளரைத் தேடும் நேரத்தில் உடல் கெட்டுவிடும் என்பதால், பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவிடம் சொல்லி அதன் சாரத்தை அரைப் பக்கத்தில் எழுதி வாங்கி இணைத்தேன். அந்த அரைப் பக்கம் ஒரு முழு நாளை மிச்சப்படுத்தியது.

உறையில் இருக்க வேண்டியவை: கடிதம், அடையாள அட்டைப் பிரதி, வரைபடம், அச்சிட்ட நான்கைந்து படங்கள், நாள்வாரி எண்ணிக்கைத் தாள். ஐந்து தொகுதிகளாகப் பிரதி எடுத்து வைத்திருங்கள்.

7. ஆய்வுகூடம், செலவு, காலம்

பறவை நோய்களைக் கண்டறியும் தேசிய ஆய்வுகூடம் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில், கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் பிரேத பரிசோதனை செய்யும் நிபுணர்கள் உள்ளனர். கொழும்பிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். கண்டி வீதியில் கார் நான்கு மணி நேரம் எடுக்கும்.

நீங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறாதீர்கள். தொற்று நோயாக இருந்தால் ஒரு பெட்டி நிறையப் பயணிகளுக்கு ஆபத்து. தனியார் கூரியரிலும் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பதை மறைத்து அனுப்புவதும் தவறு. மிருக வைத்தியர் மூலம் போவதே முறை. திணைக்களத்துக்கு மாவட்டங்களில் நோய் விசாரணை நிலையங்களும் உண்டு. உங்கள் பகுதிக்கு உரியது எது, கொழும்பிலிருந்து வண்டி எப்போது போகிறது என்று அவரிடமே கேளுங்கள். வண்டி மறுநாள்தான் என்றால், அதற்கேற்பப் பெட்டியைக் குளிரில் வைத்திருக்கலாம்.

ஒப்படைக்கும்போது மாதிரி இலக்கத்தை எழுதி வாங்குங்கள். அந்த இலக்கம் இல்லாமல் பின்னர் எவரிடமும் எதையும் கேட்க முடியாது.

கையுறை, பைகள், பிரதிகள், ஓட்டோக் கூலி எல்லாம் சேர்ந்து எனக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. நச்சுப் பரிசோதனை அப்படியல்ல. பீடைகொல்லி எச்சங்களைத் தேடும் பரிசோதனைகளை கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் கட்டணம் பெற்றுச் செய்கிறது. எந்தெந்த இரசாயனங்களைத் தேடுவது என்பதைப் பொறுத்துத் தொகை கூடும். முதலில் எழுத்தில் விலைக் கணிப்பு வாங்குங்கள். எந்த உறுப்பு, எத்தனை கிராம் வேண்டும், அதை யார் பிரித்தெடுப்பது என்றும் கேளுங்கள். ஈரலும் இரைப்பையில் உள்ளதும் மூளையும் மிருக வைத்தியரால் பிரித்தெடுக்கப்பட வேண்டும். “விஷம் இருக்கிறதா” என்று பொதுவாகப் பார்த்துச் சொல்லும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. இதை அறியாமல் ஒழுங்கையில் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டு, பிறகு திருப்பிக் கொடுத்தோம்.

8. நஞ்சு என்று வலுவான சந்தேகம் இருந்தால்

சோற்று உருண்டை, மீன் கழிவு, நிறம் மாறிய தானியம் ஏதாவது அருகில் கிடந்தால் தொடாதீர்கள். படம் எடுத்துவிட்டு 119ஐ அழையுங்கள். சாட்சிப் பொருளைப் பொலிஸார் எடுத்தால்தான் பிறகு அதற்குப் பெறுமதி. முறைப்பாட்டின் பதிவு இலக்கத்தை வாங்குங்கள். பீடைகொல்லிப் பாவனை 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்படுகிறது. பேராதனையில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அயலவர் எவரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள். காகத்தின் எச்சத்தால் கார் நாசமாகிறது என்று குறைப்படுபவர் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருப்பார். குறைப்பட்டதால் கொன்றவர் ஆகிவிடமாட்டார். எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பத்தோடு மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எந்த ஆதாரமும் இருக்கவில்லை. அந்த வடு இன்னும் ஆறவில்லை.

9. மிச்ச உடல்கள்

கால்வாயிலோ கடலிலோ வீசாதீர்கள், எரிக்காதீர்கள், வழமையான குப்பைப் பையிலும் போடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் முறைப்படி மாநகர சபை எடுத்துச் செல்லும்வரை இரட்டைப் பையில் கட்டி, நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். சொந்த நிலம் இருந்து, புதைக்கலாம் என்று அவர் சொன்னால், கிணற்றுக்கு எட்டத்தில் இரண்டடிக்குக் குறையாத குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

10. முடிவு வராவிட்டால்

இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மாதிரியைப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள். சாதாரணத் தாளில் தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. கிடைத்ததற்கான அத்தாட்சியை வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு செய்யலாம்.

“பறவைகள் பற்றிய தகவல் தருக” என்று கேட்டால் ஒன்றும் வராது. மாதிரி இலக்கத்தைக் குறிப்பிட்டு, பிரேத பரிசோதனை அறிக்கையின் பிரதி, செய்த பரிசோதனைகளின் பட்டியல், செய்யாதவற்றுக்கான காரணம் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். எனக்கு வந்த பதிலில் பறவைக் காய்ச்சல் இல்லை என்றும், உடல் அழுகியிருந்ததால் மற்றவை செய்யப்படவில்லை என்றும் இருந்தது. இரண்டு வரிதான். முதல் வரிக்காகவாவது அலைந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒழுங்கையில் 14 பிள்ளைகள் இருக்கிறார்கள்.

11. மாலைக் கணக்கு

இறப்பு நின்றுவிட்டதா, மரம் வெறிச்சோடிவிட்டதா என்பதை எண்ணித்தான் அறிய முடியும். ஏப்ரலில் கொழும்பில் ஆறே கால் மணியளவில் சூரியன் மறைகிறது. ஐந்தே முக்காலுக்கே ஒரே இடத்தில் நின்று, வந்து அடைபவற்றைப் பத்துப் பத்தாக எண்ணி, இருட்டும்போது நிறுத்துங்கள். நாள்தோறும் அதே இடம், அதே நேரம். காலையில் மரத்தடியைப் பார்த்து, உடல் ஒன்றும் இல்லாவிட்டாலும் பூச்சியம் என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால், பார்க்கவில்லையா, இறக்கவில்லையா என்று பிறகு தெரியாது.

எங்கள் மரத்தில் இறப்பு நின்ற வாரம் எண்ணியபோது 140 காகங்கள். வைகாசி முடிவில் 310. தொடர்ந்து நான்கு வாரங்கள் பூச்சியம் எழுதிய தாளை அம்மாவிடம் காட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவர் மாடியில் இலை போட்டு எள்ளுச் சோறு வைத்தார். கழுத்தில் சாம்பல் நிறம் கொண்ட ஒன்று மதிலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு இறங்கி வந்தது.